ஆட்டமா, சூதாட்டமா? தரம் சொல்ல ஆள் எங்கே?

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வ. புதுப்பட்டி. வத்திராயிருப்பை அடுத்த பேரூர். சுற்றிலும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, தண்ணீர் உள்ள காலத்தில் நெல் வயல். கொஞ்ச தூரத்தில் பால்கோவாவுக்குப் பேர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கு அப்பால் நூல் மில்கள் நிறைந்த ராஜபாளையம்.

இப்படிப்பட்ட எந்த ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு மாலை வேளையில் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். நாலைந்து வாலிபர்கள் குட்டிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எல்லார் தலையும் குனிந்திருக்கும். கட்டை விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"என்னடா பண்றே?" என்று அந்த வழியாக வரும் தகப்பனார் கேட்பார்.

"கேம் விளையாடுறேம்ப்பா" என்று பதில் வரும்.

அதற்கு மேல் அவருக்குக் கேட்கத் தெரியாது. திட்டுவார், அல்லது பேசாமல் போய்விடுவார்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்கலாம். ஒருவன் வண்ணக் கற்களை அடுக்கிக்கொண்டிருக்கலாம். ஒருவன் காசு கட்டிச் சீட்டாடிக்கொண்டிருக்கலாம். இன்னொருவன் செல்போனுக்குள்ளேயே நிலம் உழுது, தண்ணீர் பாய்ச்சி, வெள்ளாமை பார்த்துக்கொண்டிருக்கலாம். நாலும் நாலு வேறு சங்கதிகள். ஆனால், நாலுக்கும் பெயர் ஒன்றுதான்: "கேம்."

மகன் சினிமாவுக்குப் போகிறேன் என்று சொன்னால் அதே தகப்பனார், "என்ன படம்? யார் நடிச்சது? எப்படி இருக்காம்?" என்று மூன்று கேள்வி கேட்பார். விடியோ ஆட்டத்தைப் பற்றி அப்படிக் கேட்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வந்திருக்கும் கோளாறு இங்கேதான்.

கோர்ட்டுச் செய்தியாக வந்த ஆட்டம்

தமிழ்ப் பத்திரிகைகளில் விடியோ ஆட்டங்களைப் பற்றிச் செய்தி வராமல் இல்லை. நிறைய வந்தது. ஆனால், அவற்றில் பெரும்பாலும் போலீஸ் செய்தியாகவும் கோர்ட்டுச் செய்தியாகவுமே வந்தது.

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் நாட்டையே உலுக்கின. தமிழக அரசு முதலில் கொண்டுவந்த தடைச் சட்டத்தை 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. பிறகு 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கைக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் சட்டசபையில் புதிய மசோதா நிறைவேறியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதம் சட்டசபை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமாயிற்று.

அந்த வழக்கிலும் 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும், ஆனால், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடும் ஆட்டங்கள் என்பதால் அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று ஐகோர்ட்டு கூறியது. அதன் பிறகு 2025-ல் மாநில அரசு விதிமுறைகள் வகுத்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடக்கூடாது. ஆதார் காட்டி ஆள் யார் என்று உறுதி செய்ய வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. 2025 ஜூன் மாதத்தில் ஐகோர்ட்டு இவற்றை ஏற்றுக்கொண்டது.

இந்தக் "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற வாதத்துக்கே பாராளுமன்றம் முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி லோக் சபையிலும், 21-ந் தேதி ராஜ்ய சபையிலும் ஆன்லைன் விளையாட்டு மசோதா நிறைவேறியது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். பணம் வைத்து, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடும் ஆட்டம், திறமையானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, நடத்தக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. முன்னணி நிறுவனங்கள் பணப் பந்தயங்களை உடனடியாக நிறுத்திக்கொண்டன. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் கிளம்பின.

சட்டம் போட்ட கோடு

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அது எல்லா ஆட்டங்களையும் சூதாட்டம் என்று சொல்லவில்லை. போட்டியாக நடத்தப்படும் மின்விளையாட்டை ஒரு வகையாகவும், பொழுதுபோக்குக்கும் கல்விக்குமான ஆட்டத்தை மற்றொரு வகையாகவும் அது தனியே பிரித்திருக்கிறது. இந்த இரண்டாவது வகைக்கு ஒரு முறை நுழைவுக் கட்டணமோ சந்தாவோ வாங்கலாம். அது பந்தயப் பணமாக மட்டும் இருக்கக்கூடாது என்கிறது.

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பாகுபாடு என்றைக்கோ தெரியும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவது நம் நாட்டு வழக்கம். தாயக்கட்டை உருட்டாத திண்ணை உண்டா? ஆனால், வள்ளுவர் "சூது" என்று ஒரு அதிகாரமே எழுதி எச்சரித்திருக்கிறார். கட்டையை உருட்டியதில் குற்றமில்லை; நாட்டையும் வீட்டையும் அதன்மேல் வைத்ததுதான் தருமருக்கு வினையாயிற்று.

ஆக, எது கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. எது நல்லது என்று சொல்வது சட்டத்தின் வேலை அல்ல. அந்த வேலையை யார் செய்வது?

சினிமாவுக்குத் தணிக்கை சர்ட்டிபிகேட் கொடுப்பது ஒரு சபை. ஆனால், படம் பார்க்கத் தகுந்ததா என்று மக்கள் அந்தச் சபையைக் கேட்பதில்லை. பத்திரிகை விமர்சனத்தைப் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார்கள். விடியோ ஆட்டத்துக்குத் தமிழில் அந்தப் பழக்கம் பரவலாக வேரூன்றவில்லை. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் புது ஆட்டங்கள் வெளிவருகின்றன. அவற்றில் ஒரு தமிழ்த் தாயின் கதையும் இருந்தது என்பது வ. புதுப்பட்டித் தகப்பனாருக்கு எப்படித் தெரியும்?

இட்டிலித் தட்டும் ஒரு கதையும்

அந்த ஆட்டத்தின் பெயர் "வெண்பா." கனடா நாட்டின் டொரண்டோ நகரிலுள்ள "விசை கேம்ஸ்" என்ற சிறிய நிறுவனம் தயாரித்தது. அபி என்ற தமிழர் தலைமையில் உருவாகி, 2023-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி வெளிவந்தது.

கதை 1988-ல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய தம்பதிகள் வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். வெண்பாவிடம் அவள் தாயார் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. பல இடங்களில் எழுத்து அழிந்துவிட்டது, பக்கங்கள் கிழிந்துவிட்டன. விட்டுப்போன செய்முறையை ஊகித்து, சமையலைச் செய்து முடிக்க வேண்டியது ஆடுகிறவர் பொறுப்பு.

முதல் சோதனையே இட்டிலி. மாவை ஊற்றிய தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது? குழிக்கு நேரே குழி வந்தால் மேல் தட்டு கீழ் இட்டிலியை நசுக்கிவிடும். மாற்றி அடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது கை தானாகச் செய்யும் வேலை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த ஆட்டக்காரர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! பிறகு புட்டு, பிரியாணி என்று அடுப்பு எரிகிறது. பின்னணியில் தமிழ்த் திரையிசை வந்த வழியைப் பின்பற்றி, அந்தந்தக் காலப் பாணியில் புதிதாக இயற்றிய பாட்டுகள் ஒலிக்கின்றன.

சமையல் வெறும் சாக்கு. விஷயம் வேறு. வெளிநாட்டுப் பிள்ளைகள் நடுவே வளரும் கவின் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வீட்டு மொழிக்கும் கூசுகிறான். தாய் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். பெரியவன் ஆனபின் அதே நோட்டை அவனே விரித்து, எழுத்துக் கூட்டிப் படித்துச் சமைக்க வேண்டிய நேரம் வருகிறது. அப்பொழுது அவனுக்கு ஏற்படும் திணறலை ஆடுகிறவரும் அனுபவிக்கிறார். சினிமாவில் இதைப் பார்த்து அழலாம். ஆட்டத்திலோ, தாயின் எழுத்தைப் படிக்க முடியாமல் நம் கையே தடுமாறுகிறது. இந்தக் கலையின் தனித்தன்மை அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சமையல் புதிர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. காலம் பல வருஷம் தாவும்பொழுது, "இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கக் கூடாதா?" என்று தோன்றும். ஆயினும் 2024-ம் ஆண்டு சுயேச்சை ஆட்டங்களுக்கான சர்வதேச விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் பாப்டா விழாவில் சிறந்த முதல் படைப்பு என்ற விருதும் கிடைத்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஆட்டம் ஒன்று லண்டன் மேடையில் பரிசு வாங்கியது. ரம்மி வழக்குக்குக் கிடைத்த இடத்தில் கால் பங்காவது இதற்குத் தமிழ்ச் செய்தித்தாள்களில் கிடைத்ததா?

வேடம் கட்டும் ஆட்டங்கள்

வெண்பா போல, பெரிய முதலாளிகளின் துணையில்லாமல் சில பேர் சேர்ந்து செய்யும் ஆட்டங்களை "இண்டி" என்கிறார்கள். மற்றொரு பெரிய வகை, வேடம் புனைந்து ஆடும் ஆட்டம். தெருக்கூத்தில் ஒருவர் கிரீடம் வைத்துக்கொண்டு விடிய விடிய அர்ச்சுனனாகவே இருப்பதைப்போல, ஆடுகிறவர் ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகிறார். வித்தியாசம் ஒன்றுதான். கூத்தில் கதை மாறாது. இங்கே ஆடுகிறவர் எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதையின் போக்கு மாறக்கூடும்.

இதன் வேர் கம்ப்யூட்டரில் இல்லை. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்" என்ற மேஜை ஆட்டத்தில் இருக்கிறது. அதில் இருபது முகமுள்ள தாயக்கட்டை உருட்டுவார்கள். அந்த விதிகளை வைத்து பெல்ஜிய நாட்டின் லேரியன் நிறுவனம் செய்த "பால்டர்ஸ் கேட் 3" 2023 ஆகஸ்டில் வந்து உலகப் புகழ் பெற்றது. அதிலும் கட்டை உருள்கிறது. காவற்காரனை ஏமாற்ற முடியுமா, நண்பனைச் சமாதானம் செய்ய முடியுமா என்பது அதில் விழும் எண்ணைப் பொறுத்தது. பணம் எதுவும் பணயம் இல்லை. தோற்றால் பர்ஸ் காலியாகாது. கதை வேறு பக்கம் திரும்பும்.

2025 ஏப்ரலில் பிரான்சிலிருந்து வந்தது "கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33." சுமார் முப்பது பேர் கொண்ட குழுவை மையமாக வைத்து உருவானது. கதைக் கரு நெஞ்சைப் பிடிக்கும். ஒரு மாய ஓவியக்காரி ஆண்டுதோறும் பெரிய கல்லில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுள்ள அத்தனை பேரும் புகையாக மறைந்துபோகிறார்கள். ஆண்டுக்கு ஓர் எண் குறைகிறது. 33 எழுதப்பட்டதும், ஆயுள் முடியப்போகிற ஒரு கூட்டம் அவளைத் தடுக்கப் புறப்படுகிறது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதை அது டிசம்பரில் பெற்றது. இந்த இரண்டும் வயது வந்தவர்களுக்கானவை. பள்ளிப் பிள்ளைக்கு ஏற்றவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விமர்சகன் செய்ய வேண்டிய காரியம் அதுவும்தான்.

நம் நாட்டுச் சரக்கும் உண்டு. பூனா நகரின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட "ராஜி"யில், அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடி ஒரு கழைக்கூத்துப் பெண் புறப்படுகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பார்த்துக் கதை சொல்கிறார்கள். 2017-ல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று தோற்ற குழு, மனம் தளராமல் முடித்த ஆட்டம் அது. கோட்டை கொத்தளங்களும் பாவைக்கூத்துப் பாணிக் காட்சிகளும் கண்ணுக்கு விருந்து. முடிவுதான் பாதியில் திரை விழுந்ததுபோல் இருக்கிறது.

சுவருக்கு எட்டாத பழம்

இவ்வளவும் சரி. வ. புதுப்பட்டிக் குட்டிச் சுவருக்கு இதில் எது எட்டும்?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலானவை எட்டா. மேலே சொன்ன ஆட்டங்களுக்கு நல்ல கம்ப்யூட்டரோ விலை உயர்ந்த ஆட்டப்பெட்டியோ வேண்டும். ஆட்டத்துக்கும் தனி விலை. அந்த வாலிபனிடம் இருப்பது செல்போன் ஒன்றுதான். அவனிடம் தேடி வருவது "இனாம்" என்று எழுதிய ஆட்டம்.

இனாமாகக் கொடுத்துவிட்டு அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? சிலர் விளம்பரம் காட்டிப் பிழைக்கிறார்கள். சிலர் உள்ளே கடை விரிக்கிறார்கள். சட்டை, வாள், துப்பாக்கி எல்லாம் விற்பனைக்கு. அதில் மோசமானது பரிசுப்பெட்டி. காசு கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. பெல்ஜிய அரசின் சூதாட்டக் கமிஷன் இப்படிப்பட்ட சில பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018-ல் முடிவு கட்டியது. நம் 2025 சட்டமோ பரிசுப்பெட்டி என்று பெயர் சொல்லி எதையும் குறிப்பிடவில்லை. வாசல் வழியாகத் துரத்திய சூது ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கிறது.

விலை சொல்லி விற்கும் நேர்மையான ஆட்டம் ஏழைப் பையனுக்கு எட்டுவதில்லை. விலை சொல்லாமல் பிடுங்கும் ஆட்டம் அவன் உள்ளங்கைக்கே வருகிறது. பணப் பந்தயத்தைச் சட்டம் நிறுத்திய பிறகு காலியான அந்த இடத்தில் எது வந்து உட்காரும் என்பதுதான் இன்றைய கேள்வி.

செல்போனிலேயே நல்ல சரக்கு கிடைக்காமல் இல்லை. "ஸ்டார்ட்யூ வேலி" என்ற விவசாய ஆட்டம் ஓர் உதாரணம். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலு வருஷத்துக்கு மேல் தன்னந்தனியாக உழைத்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016-ல் வெளியிட்டார். பிறகு செல்போனுக்கும் வந்தது. ஒரே ஒரு முறை விலை. உள்ளே கடை இல்லை. 2024 டிசம்பர் கணக்குப்படி 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

பட்டணத்து வேலையை உதறிவிட்டுத் தாத்தாவின் நிலத்துக்கு வருகிறான் ஒருவன். கல் பொறுக்கி, களை எடுத்து, விதை போடுகிறான். பருவத்துக்கு 28 நாள், வருஷத்துக்கு நாலு பருவம். வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயி இதைப் பார்த்தால் சிரிப்பார். அங்கே கண்மாய் வற்றுவதில்லை. விளைந்த பொருளுக்குக் குறித்த விலை. பெட்டியில் போட்டால் மறுநாள் காலையில் பணம். தரகரும் இல்லை, கமிஷன் மண்டியும் இல்லை! "இப்படி ஒரு ஊர் எங்கேயப்பா இருக்கு?" என்று அவர் கேட்டால், அதுவே அந்த ஆட்டத்துக்கு ஒரு நல்ல விமர்சனம்.

மூன்று கேள்விகள்

பெற்றோர் எல்லோரும் ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டியதில்லை. படத்தைப் பற்றிக் கேட்பதுபோல மூன்று கேள்வி கேட்டால் போதும்.

முதல் கேள்வி: இது காசை எப்படிக் கேட்கிறது? ஒரு முறையா, ஓயாமலா? செல்போனின் ஆட்டக்கடையில் ஒவ்வொரு ஆட்டத்தின் பெயருக்கு அருகிலும், உள்ளே விற்பனை உண்டா என்பதும் எத்தனை வயதுக்கு ஏற்றது என்பதும் எழுதியிருக்கும். அதைப் படிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

இரண்டாவது: இது நேரத்தை எப்படிக் கேட்கிறது? நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போக முடியுமா? "இன்று வராவிட்டால் பரிசு போய்விடும்" என்று மிரட்டுகிறதா? ஆட்டத்தை நிறுத்த முடியாமல் படிப்பும் தொழிலும் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது.

மூன்றாவது: இதற்கு முடிவு உண்டா? கதை என்றால் ஒருநாள் முடிய வேண்டும். முடிந்தபின் மனதில் ஏதாவது தங்க வேண்டும். 2015-ல் வந்த "அண்டர்டேல்" என்ற வேட ஆட்டத்தில் ஒரு பூதத்தைக்கூடக் கொல்லாமல் பேசியே கடைசி வரை போகலாம். பள்ளிப் பையன் அதை முடித்துவிட்டு, "அடிக்காமலேயே ஜெயிக்கலாம் போலிருக்கே!" என்று சொன்னால், அந்த நேரம் வீண் அல்ல.

இந்த மூன்று கேள்விக்கும் புது ஆட்டங்கள் வந்தவுடன் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும். இங்கிலீஷ் விமர்சனங்கள் ஏராளம். ஆனால், டொரண்டோவில் இட்டிலித் தட்டு அடுக்கியதை அவர்கள் புதுமை என்று எழுதுவார்கள். தட்டு அடுக்கத் தெரிந்தவர்கள் எழுதினால் அது வேறாக இருக்கும். சிறிய படைப்பாளர்களின் ஆட்டங்கள் பல பழைய லேப்டாப்பிலும் ஓடும். 2011 முதல் தமிழக அரசு பிளஸ்-2 மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. நூலகத்தில் நாவல் இருப்பதுபோல, தேர்ந்தெடுத்த நாலு ஆட்டம் இருந்தால் என்ன? காசு கொடுக்க முடியாத பையனுக்கும் நல்லது எட்ட அது ஒரு வழி.

வ. புதுப்பட்டிக்குப் பக்கத்திலுள்ள கூமாப்பட்டி 2025 ஜூனில் நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு வாலிபர் செல்போனில் எடுத்துப் போட்ட சிறு காட்சிகளே காரணம். ஊரின் கண்மாயையும் தோப்பையும் ஒரு செல்போன் வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. அதே கையால் ஒரு கதையை, ஓர் ஆட்டத்தை இந்த மலையடிவாரத்திலிருந்து யாராவது செய்யக்கூடாதா? செய்யலாம். ஆனால், நல்ல ஆட்டம் எது என்று கண்ணால் கண்டவன்தான் நல்ல ஆட்டம் செய்வான்.

அதற்கு முதற்படியைத் தகப்பனாரே எடுத்து வைக்கலாம். நாளைக்கு அந்தச் சுவர்ப் பக்கம் போகும்பொழுது, "என்னடா பண்றே?" என்று கேட்டுவிட்டு நகராமல், பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கதை இது? காசு கேட்குதா? எனக்கும் காட்டு" என்று கேட்கட்டும். பையன் நிமிர்ந்து பார்ப்பான்.